நான் கொடுத்த தங்கப் பதக்கம்

நான் பாதாள ரயில் ஓட்டுபவன். இருபத்தொரு வருடங்களாக உட்கார்ந்தபடியே லண்டனின் வடக்குக்கும் தெற்குக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஐம்பத்திரண்டாவது வயதில், “உங்கள் வேலையில் உடம்புக்கு என்ன அசைவு இருக்கிறது?” என்று டொக்டர் கேட்டபோது, “ஒரு கை” என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டு போகிறது, நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது நடவுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டூட்டிங்கில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் பூங்கா. முதல் வாரம் நடந்தேன். இரண்டாவது வாரம் நடந்துபோய் மரவாங்கில் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம், பூங்காவின் மறுவாசலுக்கு எதிரே சூடாக வடை கிடைக்கும் கடை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். கையில் உழுந்து வடையோடு வாங்கில் இருந்த அந்த ஞாயிறு காலையில்தான் அவரை முதலில் பார்த்தேன்.

ஒட்ட வெட்டிய நரைமுடி, அறுபதை நெருங்கும் ஒரு பெண். காலில் ஒடுங்கிய நீளக் கட்டைகள் இரண்டு, அவற்றின் முன்னும் பின்னும் சின்னச் சக்கரங்கள். இரண்டு கையிலும் மெல்லிய தடிகள். பனிச்சறுக்குக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற சாமான்களோடு, ஒரு பொட்டுப் பனி இல்லாத தார்ப்பாதையில், மேட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு போனார். பாவம், யாரோ வழிதவறி வந்துவிட்டார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். நாலாவது சுற்றில் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

“மூண்டு சுத்து வந்திட்டன். மூண்டு தரமும் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தனீங்கள்.”

அவர் பேசியது இத்தாலிய வாடை அடிக்கும் ஆங்கிலம். நான் பதில் சொன்னது யாழ்ப்பாண வாடை அடிக்கும் ஆங்கிலம். இரண்டையும் இங்கே என் தமிழில் தருகிறேன். உண்மையில் இரண்டு பேருமே இவ்வளவு சரளமாகக் கதைக்கவில்லை.

வெட்கத்தில் பாதி வடையை நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு, “வாற ஞாயிறு ஒன்பது மணிக்கு இதிலை நில்லுங்கோ. சப்பாத்து என்ன அளவு?” என்று கேட்டார். வடை தின்று பிடிபட்டவனுக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. அளவைச் சொன்னேன்.

அவர் இத்தாலியின் வடக்கு எல்லையில் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தவர், அந்த நாட்டின் பனிச்சறுக்கு அணியில் பதினாலு வருடம் இருந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தொலைக்காட்சியில் வருகிறதே, மலையுச்சியிலிருந்து குதித்து வளைந்து நெளிந்து இறங்குவது, அது இல்லை. இவருடையது நெடுந்தூரம். காட்டுக்குள்ளால், ஏற்றத்திலும் இறக்கத்திலும் சமதரையிலும் தன் பலத்திலேயே வழுக்கி ஓடுவது. “அவையள் விழுகிறதுக்குக் காசு வாங்குறவை, நாங்கள் மூச்சு விடுகிறதுக்கு” என்பார். பனி இல்லாத மாதங்களில் சக்கரக் கட்டையில் பழகுவார்களாம். லண்டனில் பன்னிரண்டு மாதமும் அந்த மாதம்தான்.

அடுத்த ஞாயிறு அலுமாரியில் கிடந்த கிரிக்கெட் காப்புகளை இரண்டு காலிலும் கட்டினேன். சைக்கிள் தலைக்கவசத்தைப் போட்டேன். துடுப்பாட்டக் கையுறையையும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

“இஞ்சாருங்கோ, உதென்ன கோலம்? பூங்காவிலை சண்டையே நடக்குது?”

“பனிச்சறுக்குப் பழகப் போறன்.”

அவர் மேலே வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சரி, போயிட்டு வாங்கோ. போனைக் கையிலை வைச்சிருங்கோ.”

அன்று பதினொரு தரம் விழுந்தேன். ஒன்று ரோசாப் பற்றைக்குள். இன்னொன்று, நாயோடு வாங்கில் இருந்த ஒரு பெரியவரின் மடியில். ஞாயிறுதோறும் அவர் நடத்தும் அந்த வகுப்பில் எங்கள் ஐந்து பேரில் நான் மட்டும்தான் நின்ற இடத்திலேயே விழக்கூடியவன். “முழங்காலை மடியுங்கோ” என்று கத்துவார். மடிப்பேன். “அது முழங்கால் இல்லை, இடுப்பு!”

இரண்டு மாதத்தில் சமதரையில் ஓடவும் மேட்டில் ஏறவும் வந்துவிட்டது. இறங்க மட்டும் வரவில்லை. கட்டைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து நடந்து இறங்குவேன். நான் இறங்கி முடியும்வரை அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

வகுப்பு முடிந்தபின் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றித் தருவார். அப்போதுதான் கதைகள் வரும். பள்ளிக்கூடத்துக்கே சறுக்கிப் போனவர். பதினேழு வயதில் அணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இப்படிப்பட்டவர்களை ஏதாவதொரு சீருடைப் படையில் சேர்த்துச் சம்பளம் கொடுத்துப் பழக விடுவார்களாம். இவருக்கு வனக்காவலர் உடுப்புக் கிடைத்தது. “பதினாலு வருசம் காட்டைக் காத்தனான். எந்த மரம் எது எண்டு இண்டைக்கும் தெரியாது.” ஒருமுறை ஒலிம்பிக்குக்கும் போயிருக்கிறார், ஆனால் மேலதிக வீராங்கனையாக. யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் இறங்கலாம். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. இரண்டு கிழமையும் மற்றவர்களின் கட்டைகளுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்துவிட்டு வந்தாராம்.

ஒரு நாள் அந்த அஞ்சலோட்டத்தைப் பற்றிச் சொன்னார். உலகப் போட்டி. நான்கு பெண்கள், ஆளுக்கு ஐந்து கிலோமீற்றர். இவர் மூன்றாவது ஆள். இவருடைய முறை வந்தபோது இத்தாலி மூன்றாமிடத்தில் நின்றது. இரண்டாமிடத்தில் போனவளை ஓர் இறக்க வளைவில் முந்தப் பார்த்தார். கட்டைகளின் நுனிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. விழுந்தார், ஒரு தடி முறிந்தது. எழும்பி ஒற்றைத் தடியோடு ஓடினார். பாதையோரம் நின்ற வேறு நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு தடியை நீட்டினார். அது ஆறடி உயர ஆணுடைய தடி. ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டையாக மீதித் தூரத்தை ஓடி, ஆறாவதாக அடுத்தவரிடம் ஒப்படைத்தார். கடைசியாக ஓடிய தோழி இரண்டு நாட்டை முந்தி நான்காவதாக வந்தார். வெண்கலம் ஓர் ஆள் நீளத்தில் போய்விட்டது.

“பேந்து?”

“பேந்து என்ன, இன்னும் ஆறு வருசம் ஓடினனான். தனியாக ஓடினதிலை என்ரை ஆகத் திறமான இடம் பதினொண்டு.” கோப்பியை ஒரே மிடறில் குடித்தார். “பேந்து முழங்கால் போச்சு. பேந்து ஒரு லண்டன்காரனைக் காதலிச்சன். அவனும் போயிட்டான். நான் இஞ்சை கவுன்சில் நீச்சல் குளத்திலை வேலைக்கு நிக்கிறன்.”

இவ்வளவு வெளிப்படையாக அவர் சொன்ன கதையை நான் என்ன செய்தேன் என்பதை இனிச் சொல்லவேண்டும்.

சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் விளையாட்டுப் போட்டிக்கு ஒன்பது வருடமாக நான்தான் அறிவிப்பாளர். இந்த வேலையைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு. ரயிலில் நான் செய்யும் அறிவிப்பை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, இங்கேயாவது கேட்பார்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்னதாகப் பள்ளிக் குழுத் தலைவர் போன் எடுத்தார். பிரதம விருந்தினராக வர இருந்த வைத்திய நிபுணர் வரமுடியாதென்று சொல்லிவிட்டாராம்.

“அண்ணை, உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?”

“ஓராள் இருக்கிறா. என்ரை பயிற்சியாளர். ஒலிம்பிக் போனவ.”

“ஒலிம்பிக்கே! பதக்கம் எடுத்தவவோ?”

“ஓம்.”

“என்ன பதக்கம்?”

இந்த இடத்தில் எனக்கு இரண்டு வினாடி அவகாசம் இருந்தது. ரயிலை நிறுத்த அதைவிடக் கூட நேரம் வேண்டும், நாக்கை நிறுத்த அது போதும். ஆனால் நான் நிறுத்தவில்லை.

“தங்கம்.”

மறுபக்கத்தில் அவர் மூச்சை இழுத்தது கேட்டது. சந்தோசமாக இருந்தது. ஒரு தங்க வீராங்கனையின் மாணவன் என்று என்னை யாரோ பார்ப்பதுபோல ஒரு கிளுகிளுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதாகை அச்சாகி வந்துவிட்டது: ‘ஒலிம்பிக் தங்க மங்கை’. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மனைவி பதாகையின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, “அவ நாலாவது எண்டெல்லே சொன்னனீங்கள்?” என்று கேட்டார். “அது வேறை போட்டி” என்றேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

அவர் வந்தார். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சோடிக் கட்டையும் தடிகளும் கொண்டுவந்திருந்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, இருந்த தமிழ் முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். பனிமலையின் புதல்வி, தங்கத் தாரகை, இன்னும் என்னென்னவோ. சனம் எழுந்து நின்று கை தட்டியது. அவருக்கு ஆச்சரியம். “உங்கட ஆக்கள் சரியான அன்பானவையள்” என்று என் காதில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அந்த நேரம் முன்வரிசையில் இருந்து எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை எழும்பி வந்தாள். தமிழ்ப் பள்ளிதான், ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பது ஆங்கிலம் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் தெளிவான ஆங்கிலத்தில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

“உங்கட ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை நான் ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமா?”

இத்தாலியப் பெண் அவளைப் பார்த்தார். மேலே தொங்கிய பதாகையைப் பார்த்தார். அதிலிருந்த மஞ்சள் நிறப் பதக்கப் படத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலை வாசிக்கத் தொடங்கினேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு மனைவி சொன்னார்.

ஒலிவாங்கியை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார்.

“பிள்ளை, என்னட்டைத் தங்கம் இல்லை. வெள்ளியும் இல்லை, வெண்கலமும் இல்லை. ஒலிம்பிக்கிலை நான் ஓடவே இல்லை. வேறொரு பெரிய போட்டியிலை ஓடினனான். நாங்கள் நாலாவது. அதுவும் நான் விழுந்தபடியால்.”

குழுத் தலைவர் என்னைத் தேடினார். நான் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் எதையோ குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கனநேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் அவர் அந்த வளைவையும், கவ்விக்கொண்ட கட்டைகளையும், ஆறடித் தடியையும் நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையை உயர்த்தி ஒரு கையைத் தாழ்த்தி அவர் ஓடிக் காட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அழுதனீங்களா?” என்று ஒரு குரல்.

“ஓம். ஆனால் கண்ணாடி போட்டிருந்தன்.”

“நாலாவதா வந்தால் என்ன தருவினம்?”

“கை தருவினம். அதுவும் எல்லாரும் இல்லை.”

முதல் ஓட்டத்தின் பரிசளிப்பு வந்தது. முதல் மூன்று பேருக்கும் கொடுத்து முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி, “இதிலை நாலாவது ஆர்?” என்று கேட்டார். என் தாளில் மூன்று பெயருக்குத்தான் இடம். தெரியாதென்றேன். அவர் ஒலிவாங்கியிலேயே கேட்டார். ஐந்து பிள்ளைகள் ‘நான்தான்’ என்று ஓடிவந்தார்கள். ஐந்து பேருக்கும் கைகொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலாவதாக வருவதற்கு ஒரே அடிபிடி. கடைசி இரண்டு ஓட்டத்தை நடத்தி முடிக்க நடுவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

வீட்டுக்கு வரும் வழியில், கார் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மனைவி சொன்னார்:

“நீங்கள் குடுத்த பதக்கத்தை அவ திருப்பித் தந்திட்டா. இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ.”

அடுத்த ஞாயிறு போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஷிப்ட் மாறிவிட்டது என்று ஒரு செய்தி அனுப்பினால் முடிந்தது. செய்தியை எழுதியும் விட்டேன். ஆனால் ஒரு பொய்யின் சூடு ஆறமுதல் இன்னொன்றை அனுப்ப விரல் ஓடவில்லை. போனேன்.

அவர் தடியால் மேட்டைக் காட்டினார். ஏறினேன். நடந்து இறங்கினேன். திரும்பவும் காட்டினார். ஆறு தரம். ஆறாவது தரம் மேலே போய்ப் புல்லில் விழுந்து கிடந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். மூச்சு வாங்கியதில் அது மூன்று தவணையாக வந்தது.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“நீங்கள் பெரிய ஆளாயிருந்தால் நானும் கொஞ்சம் பெரிய ஆள் மாதிரி...”

“அது விளங்குது. எல்லாரும் செய்யிறது. ஆனால் தங்கம் ஏன்? மூண்டாவது எண்டு சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோவம் வந்திராது. அது உண்மைக்குக் கிட்ட. ஓர் ஆள் நீளம்.” தன் கையை விரித்துக் காட்டினார். “தங்கம் எண்டால் அந்த ஓட்டமே நடக்காத மாதிரி. அதுக்கு நான் பட்ட பாடெல்லாம் எங்கை போறது?”

அவர் தடியால் என் கட்டையைத் தட்டினார். “மாசி மாதம் எங்கட ஊரிலை ஊர்ச்சனம் எல்லாம் சேர்ந்து ஓடுற ஓட்டம் ஒண்டு இருக்கு. நீங்கள் வாறியள். ஆகக் குறைஞ்ச தூரம்தான். பயப்பிடாதேங்கோ, கடைசியாத்தான் வருவியள்.” அது அழைப்பா தண்டனையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாசியில் போனோம். மனைவியும் வந்தார். நான் பனியில் ஓடுவதைப் பார்க்க இல்லை, நிறுத்துவதற்கு ஓராள் வேண்டும் என்றார். அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளை தவிர வேறு நிறமே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

போட்டிக்கு முதல் நாள் கட்டை வாடகைக்கு எடுக்க ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரி உயரமான பெண், இவருடைய வயதுதான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அஞ்சலோட்டத்தில் கடைசியாக ஓடிய தோழி அவர்தான் என்று அறிமுகப்படுத்தினார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடிய ஆளா நான்? “அண்டைக்கு இவ விழுந்தது உங்களுக்குக் கோவமில்லையே?” என்று கேட்டுவிட்டேன். மனைவி என் காலை மிதித்தார். பனிச்சப்பாத்து என்பதால் எனக்கு வலிக்கவில்லை.

கடைக்காரிக்கு ஆங்கிலம் குறைவு. இத்தாலிய மொழியில் பேசினார். என் பயிற்சியாளர்தான் எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

“கோவம் இருந்தது எண்டு சொல்லுறா. ஒரு கிழமை.”

கடைக்காரி தொடர்ந்தார். கையை மேசைமேல் ஊன்றி, நீளமாக, இவரையே பார்த்துப் பேசினார்.

“ஆனால்... ஆறாவதா எடுத்தபடியால் அவவுக்கு இழக்க ஒண்டும் இருக்கேல்லையாம். ஒரு பயமும் இல்லாமல் ஓடினதாம். வாழ்க்கையிலை அப்பிடி ஒரு ஐஞ்சு கிலோமீற்றர் பேந்து ஓடவே இல்லையாம். மூண்டாவதா நான் குடுத்திருந்தால்...” நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்தார். “பொய் சொல்லுறா.”

“பொய் இல்லை!” என்று கடைக்காரி எங்களுக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் கத்தி, மேசையில் ஓங்கி அடித்தார். அங்கே அடுக்கியிருந்த மெழுகுக் கட்டிகள் உருண்டன. நாங்கள் நான்கு பேரும் குனிந்து அவற்றைப் பொறுக்கினோம். நிலத்தில் முழந்தாளிட்டபடி அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, நானும் முதல்தடவையாக என்னவென்று கேட்கவில்லை.

மறுநாள் ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கு. பனி தார்ப்பாதை மாதிரி இல்லை, அது காலுக்குக் கீழே தன் பாட்டுக்கு நகர்கிறது. துவக்கத்திலேயே எல்லோரும் போய்விட்டார்கள். பிறகு கொஞ்சம் பிந்தி வந்தவர்களும் போய்விட்டார்கள். என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மா என்னைக் கடக்கும்போது வாழ்த்துச் சொன்னார். திரும்பும் முனையைச் சுற்றி வந்து அவரே இரண்டாவது தரம் வாழ்த்துச் சொன்னார். எனக்குப் பின்னால் மீட்பு வண்டி ஒன்று நடை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் சலிப்பில் பாட்டுப் போட்டார். தொழில்முறையில் அவருடைய நிலை எனக்கு நன்றாக விளங்கியது.

முடிவிடத்தில் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று கட்டியிருந்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது அதன் காற்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது தலைக்கு மேலே தொய்ந்துகொண்டு வந்தது. குனிந்து அதற்குக் கீழால் புகுந்தேன். மறுபக்கம் வெளியே வரும்போது விழுந்தேன். கடைசி. அதில் சந்தேகமே இல்லை, என்னை அடுத்து வந்தது மீட்பு வண்டி. என் பயிற்சியாளரும் கடைக்காரியும் ஓடிவந்து ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினார்கள். மனைவி கொதிக்கும் சொக்கலேட் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, “முகத்திலை ஐஸ் பிடிச்சிருக்கு, வடிவாத்தான் இருக்கு” என்றார். அவர் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லிப் பல வருடம்.

இப்போது அந்த ஞாயிறு வகுப்பில் எங்கள் தமிழ்ப் பள்ளியிலிருந்து மூன்று தாய்மார் வருகிறார்கள். விளையாட்டுப் போட்டியில் அவருடைய கதையைக் கேட்டு வந்தவர்கள். வந்த மூன்றாவது கிழமையே மூன்று பேரும் என்னை முந்திவிட்டார்கள். “அண்ணை, ஒருக்கா விலகுங்கோ, வாறம்” என்று சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறிப் போகிறார்கள். நான் ஓரமாக விலகி நிற்கிறேன். நிற்கும்போதும் சில வேளைகளில் விழுகிறேன்.